வயிற்றுக்குள் கடத்தல்: எக்ஸ்-ரே சொன்ன கதை

மலர்க் குழுத் தம்பிகள், "ரேடியாலஜியில் ஏதாவது சரித்திரம் எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டார்கள். ரான்ட்ஜன் கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் நம் வகுப்பறையில் யாரும் சொல்லித்தராத ஒன்றை எடுத்துக்கொண்டேன்: போதைப்பொருளை விழுங்கிக் கடத்துபவர்களை மருத்துவர்கள் கண்டுபிடித்த வரலாறு.

மருத்துவ ஏடுகளில் இதன் முதல் பதிவு 1973-இல் கனடாவிலிருந்து வந்தது. ஒருவருக்குக் குடலடைப்பு. காரணம், ஹஷீஷ் அடைத்த ஆணுறை! விழுங்கி 13 நாளாகியிருந்தது. பத்தே வருஷத்தில், 1983-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் டாக்டர்கள் இருவர் கொக்கெய்ன் விழுங்கிய 48 பேரைப் பற்றி எழுதினார்கள்.

கண்டுபிடித்தது பெரும்பாலும் நம்ம சாதாரண வயிற்று எக்ஸ்-ரேதான். ஓரம் சீரான, ஒரே அளவிலான நீள் உருண்டைகள். சுற்றிலும் மெல்லிய காற்றுக் கோடு. முடிச்சில் காற்று சிக்கினால் ரோஜாப்பூ மாதிரி தெரியும். அவசரத்தில் பார்த்தால் வெறும் மலம் என்று விட்டுவிடலாம். கடத்தல்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கையால் முடிந்த ஆணுறை போய், மெஷினில் செய்த பல அடுக்கு லேடெக்ஸ் பொட்டலம் வந்தது. அப்புறம் திரவக் கொக்கெய்ன். ஃபிலிமில் அதைப் பிரித்தறிவது கடினம். அதனால்தான் சி.டி. ஸ்கேன் தேவைப்பட்டது.

பொட்டலம் உடைந்தால் உயிருக்கே ஆபத்து. ஹெராயின் என்றால் நலோக்சோன் இருக்கிறது. கொக்கெய்னுக்கு மாற்று மருந்து கிடையாது, உடனே தியேட்டர்தான். பேதிக்குப் பாரஃபின் எண்ணெய் கொடுத்தால் ரப்பரே இளகிவிடும்!

ஆனால் படம் எடுக்கச் சொல்வது யார்? 1983-இல் பொகோட்டாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கிய ஒரு பெண்ணைச் சுங்கத்தார் சுமார் 16 மணி நேரம் நிறுத்திவைத்தார்கள். கர்ப்பமாக இருப்பதாகச் சொன்ன அவர் எக்ஸ்-ரேக்கு இணங்கவில்லை. சாப்பிடவில்லை, கழிப்பறைக்கும் போகவில்லை. அதன் பிறகுதான் மாஜிஸ்திரேட் உத்தரவுடன் ஆஸ்பத்திரி. நாலு நாளில் வெளிவந்தவை 88 பலூன்கள், 528 கிராம் கொக்கெய்ன். கர்ப்பம் இல்லை. நிறுத்திவைத்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. இரண்டு நீதிபதிகள் மறுத்தார்கள். என் ஓட்டு அந்த இருவருக்கே. பலூன் கிடைத்ததால் 16 மணி நேரம் நியாயமாகிவிடுமா? கிடைக்காமல் போயிருந்தால்?

நம் நாட்டுச் சட்டம் இதை முன்பே யோசித்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம், 103-ஆவது பிரிவு: சந்தேகப்பட்டவரை முதலில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் உத்தரவிட்டால்தான் எக்ஸ்-ரே. பொருளை வெளியே எடுப்பதும் பதிவுபெற்ற மருத்துவரின் ஆலோசனையிலும் மேற்பார்வையிலும்தான். ஆள் தானே ஒப்புக்கொண்டு முன்வந்தால் மட்டும் விலக்கு. 2019-இல் திருத்தம் வந்தது: மேலதிகாரி ஒப்புதலோடு, விமான நிலையத்தில் உள்ள கருவியிலேயே சுங்கத்தார் ஸ்கேன் செய்யலாம். அங்கேயும் அந்த ஆளின் சம்மதம் என்ற வார்த்தையை எடுத்துவிடவில்லை.