பொய்ப்பல்லும் புரை எலும்பும்

"பல் போனால் சொல் போச்சு" என்பர். சொல்லோடு சோறும் போகும் என்பதைப் பழமொழி சொல்லாமல் விட்டது. நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சிரம்பான், ரந்தாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இளமையில் மரம் சீவிப் பால் வாளி சுமந்த பெண்டிர் பலர், முதுமையில் வெற்றிலையைச் சிற்றுரலில் இடித்தே வாயிலிட்டனர். இத்தகையோர்க்குப் பல் கட்டித் தருவது எவ்வாறு என்னும் கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு. அதில் ரப்பருக்கும் இடமுண்டு என்பதைப் பலர் அறியார்.

1851-ஆம் ஆண்டில் அமெரிக்கரான நெல்சன் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றிக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர்ப் பல பத்தாண்டுகள் பொய்ப்பல் வரிசைகள் இக்கடின ரப்பர்த் தட்டின்மீதே அமைந்தன. 1930-களின் இறுதியில் அக்ரிலிக் வந்து அதனை அகற்றத் தொடங்கிற்று. தோட்டத்தில் வடிந்த பால் கடல் கடந்து எவர் வாயிலோ ஈறாக அமர்ந்திருக்கும். வடித்தவர் வாய்க்கு அது எட்டியது அரிது.

தட்டு எதனால் ஆயினும் குறை ஒன்றே. பல் நீங்கியபின் தாடையெலும்பு வேலையற்றுத் தேய்ந்து தாழ்கிறது, தட்டு ஆடுகிறது. வேரில்லாத பல் எவ்வாறு நிலைக்கும்?

அவ்வேர் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1952-இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்னும் ஆராய்ச்சியாளர், முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடொன்றைப் பொருத்தி, மஜ்ஜையில் குருதி ஓடுவதை நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது கூடு வரவில்லை. எலும்பு அதனைப் பற்றிக்கொண்டது. டைட்டானியம் எலும்போடு ஒன்றுவதை 1940-லேயே வேறு சிலர் குறித்திருந்தனர். எனினும் அதனைப் பல்லுக்கு வேராக்கிக் காட்டியவர் இவரே. 1965-இல் கோத்தன்பர்க் நகரில் யோஸ்தா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் திருகுகள் பதிக்கப்பெற்றன. 2006-இல் அவர் மறையும்வரை அவை நிலைத்தன. 1982-இல் டொரோன்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பின்னரே மருத்துவ உலகம் இதனைப் பரவலாக ஏற்றது. (இவ்வுலோகத்தின் தாதுவான இல்மனைட்டு குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலிலும், மலேசிய ஈயச் சுரங்கங்கள் ஒதுக்கிய 'அமாங்' மணலிலும் உண்டு.)

ஆனால் மூதாட்டியரின் எலும்பு வேறு. எலும்பு உயிருள்ள பொருள். ஒருவகை உயிரணு அதனை அரிக்க, மற்றொருவகை கட்டிக்கொண்டே இருக்கும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அரிப்பு மிஞ்சுகிறது. உள்ளிருக்கும் பஞ்சு போன்ற பகுதி மெலிகிறது. இதுவே எலும்புப்புரை. மணற்பாங்கான நிலத்தில் நட்ட கம்பம் போல, இத்தாடையில் திருகுக்கு முதல்நாட் பிடிப்பும் குறைவு, பின்னர்ப் புதிய எலும்பு சூழ்வதும் மெதுவு. மேல்தாடையின் பின்புறம் இன்னும் மோசம்.

முதல் திருத்தம் திருகின் மேற்பரப்பில் நிகழ்ந்தது. பிரோனெமார்க்கின் திருகு வழவழப்பானது. 1991-இல் டேனியல் பூசரும் துணைவரும் சிறுபன்றிகளில் ஆய்ந்தபோது, மெருகிட்ட பரப்பில் 20 முதல் 25 விழுக்காடே எலும்பு தொட்டது. துகள் வீசி அமிலத்தால் அரித்த சொரசொரப்பான பரப்பிலோ 50 முதல் 60 விழுக்காடு. எலும்புத் தாதுவாகிய ஹைட்ராக்சிஅபடைட்டைப் பூசியபோது அதனினும் மிகுந்தது. ஆயினும் பூச்சே தேயத் தொடங்கியது கண்டனர். அவை நலமான பன்றிகள். சூற்பை நீக்கிய எலிகளில் எலும்புப்புரையை உண்டாக்கிச் செய்த பிற்கால ஆய்வுகளிலும் சொரசொரப்பே பொதுவாக மேலெனத் தெரிந்தது. துளையைத் திருகினும் சற்றுக் குறுகலாகக் குடைவதும், பல்லைப் பூட்டுமுன் கூடுதலாகச் சில மாதங்கள் பொறுப்பதும் மருத்துவர் கைத்திறத்தைச் சார்ந்தவை.

மருந்திலோ ஒரு முரண் உண்டு. அரிப்பைத் தடுக்கும் அலென்ட்ரோனேட்டு மாத்திரை 1995-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவ்வகை மருந்துகளால் தாடையெலும்பு செத்துப்போவதாக 2003-இல் செய்திகள் வந்தன. பெரும்பாலோர் புற்றுநோய்க்காக மிகுந்த அளவில் ஊசிவழி பெற்றவர். மாத்திரை உண்போர்க்கு அது அரிது. என்றாலும், வாரம் ஒரு மாத்திரை விழுங்கும் பாட்டி அதனைப் பல் மருத்துவரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் மறைப்பதுதான் ஆபத்து. எலும்புப்புரை ஒன்றே திருகு பதிக்கத் தடையாகாது என்பதே பல ஆய்வுகளின் முடிவு.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் புலம் 1972-இல் தோன்றியது. இன்று திருகு பதிப்போர் பலர் உளர்; செலவுதான் தோட்டத்து முதியோர்க்கு எட்டாதது. வாய் முழுதும் பதிக்க வேண்டுவதில்லை. 2002-இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லற்ற கீழ்த்தாடையின் முன்புறம் இரண்டே திருகு நட்டு, அவற்றின்மேல் தட்டைப் பூட்டுவதை முதற்சிகிச்சையாகப் பரிந்துரைத்தனர். தாடையில் அப்பகுதியே முதுமையிலும் ஓரளவு கெட்டியாக எஞ்சுவது.