மேலாதிக்கமும் வல்லாண்மையும்

சீன-அமெரிக்கப் போட்டி பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றுக்கு அண்மையில் மெய்ப்புப் பார்த்தேன். ‘சீனா ஒருபோதும் மேலாண்மையை நாடாது’ என்றிருந்தது. ‘மேலாண்மை’யை அடித்து ‘மேலாதிக்கம்’ என்று எழுதினேன். ‘மேலாண்மை’ இன்று நிர்வாகத்துக்கு உரிய சொல்லாகிவிட்டது. 1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சனின் சீனப் பயணத்தின் முடிவில் வெளியான ஷாங்காய் கூட்டறிக்கையில், ஆசிய பசிபிக் வட்டாரத்தில் மேலாதிக்கம் தேடுவதில்லை என்று இரு நாடுகளும் ஒப்பின. 1974-இல் ஐ.நா. அவையில் சீனத் தலைவர் டெங் சியாவோபிங், சீனா ஒருபோதும் வல்லரசாக முயலாது என்று உறுதியாகச் சொன்னார். மேலாதிக்கத்துக்குச் சீன மொழியில் உரிய சொல் ‘பாச்சுவான்’. அதிலுள்ள ‘பா’ ஒருகாலத்தில் மதிப்புள்ள பட்டம். சௌ வம்ச மன்னரின் பெயரால் குறுநில வேந்தர்களை ஒருங்கிணைத்த தலைவனைக் குறித்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டில் சி நாட்டு ஹுவான் கோமகன் அப்படி விளங்கினார். பின்னர் சீன மெய்யியலாளர் மென்சியஸ், அறத்தால் ஆள்பவனையும் வலிமையால் ஆள்பவனையும் பிரித்து, ‘பா’வை இரண்டாமவனுக்கு வைத்தார். இன்று அது அடாவடிக்காரனையும் சுட்டும். மேலாதிக்கத்தைக் குறிக்கும் ‘ஹெஜிமனி’ என்ற ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கும் ‘வழிநடத்துபவர்’ என்பதே பொருள். நம் ‘ஆதிக்கம்’ வடமொழி ‘ஆதிக்ய’த்திலிருந்து வந்தது, மிகுதி என்பதே முதற்பொருள், அடக்கியாளுதல் பிறகு ஏறியது. தமிழிலேயே சொல்ல ‘வல்லாண்மை’ இருக்கிறது. ‘வல்லரசு’ நாட்டின் நிலையைச் சொல்லும். ‘வல்லாண்மை’ அதன் நடத்தையைச் சொல்லும். வல்லரசாக வளரும் நாடு வல்லாண்மை செய்யாதிருக்குமா என்பதே அண்டை நாடுகளின் கவலை. அந்த வேறுபாட்டைக் காட்டும் சொல்லை நாம் கைவிடக் கூடாது.