துடைப்பம் கட்டிய கோபுரங்கள்

சிகாகோ ஆற்றங்கரையின் மரீனா சிட்டி குடியிருப்புக் கோபுரங்களுக்குப் பின்னால் நின்றது பெரிய முதலாளி இல்லை. கட்டடங்களைப் பெருக்கித் துடைப்பவர்களின் சங்கம். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். 1950-களில் குடும்பங்கள் புறநகருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. நகரம் காலியானால் பெருக்கக் கட்டடம் ஏது? சங்கத் தலைவர் வில்லியம் மெக்ஃபெட்ரிஜின் கணக்கு அது.

பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் படித்த கட்டடக் கலைஞர் பெர்ட்ரண்ட் கோல்ட்பெர்க் வரைந்த இந்த இரட்டை வட்டக் கோபுரங்களில் 1960-களின் தொடக்கத்தில் மக்கள் குடியேறினார்கள். அடியில் படகுத்துறை, பக்கத்தில் அரங்கம், அலுவலகம். கீழ் 19 தளங்களும் கார்களுக்கு. காருக்கே ஆற்றுக் காட்சி! நம்மூர் பால்கனியில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். அறைகளோ கேக் துண்டுபோல் வெளிப்பக்கம் விரிபவை. பீரோவை எந்த மூலையில் ஒட்டி வைத்தார்களோ!

1977-இல் வாடகை வீடுகள் சொந்த வீடுகளாக விற்பனைக்கு வந்தன. 2016-இல் நகர நிர்வாகம் மரீனா சிட்டியைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.