பாம்பன் பாலமும் நம்முடைய பயணமும்

 

2025 ஏப்ரல் 6ஆம் திகதி பாம்பனில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் போல மேலே எழும்ப, கீழே கப்பல் போகும் வீடியோ நம்மில் பலருடைய கைபேசிக்கும் வந்திருக்கும். பார்த்து ரசித்துவிட்டு விட்டுவிட்டோம். ஆனால் அந்த இடத்துக்கும் நம் ஹட்டன், நுவரெலியா மலைகளுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பாலம் வருவதற்கு முன்பு அந்தக் கடல்வழி தோணிக்காரர்களுடையது. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய வழி பாம்பன் கால்வாய். கீழக்கரை மரக்காயர்கள் உட்பட அந்தக் கரையோரத்துக் கடலோடிகள் தலைமுறை தலைமுறையாகத் தோணி ஓட்டிய கடல் அது. கோப்பிக் காலத்தில் நம் முன்னோரும் தோணியில்தான் மன்னார்க் கரைக்கு வந்தார்கள். அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடை. கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம்.

1914 பெப்ரவரி 24இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 2 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கடலை முழுவதும் மூடிக் கட்டியிருந்தால் பாய்மரம் உயர்ந்த தோணிகளுக்கு வழியே இருந்திருக்காது. அதனால் நடுவில் ஒரு கதவு வைத்தார்கள். சிகாகோவில் பணிபுரிந்த ஷெர்சர் என்ற பொறியியலாளரின் முறை அது. இரண்டு இரும்புச் சிறகுகள், அவற்றுக்கு ஈடாகப் பின்னால் எடைக்கல். தொழிலாளர்கள் நீண்ட கம்பிகளைப் பிடித்துச் சுற்றிச்சுற்றி நடந்து தள்ள, சிறகுகள் மெல்ல மேலே எழும்பும். நூறு வருடத்துக்கு மேலாக இது கைவேலையாகவே நடந்தது.

படகுக்காரர் நினைத்த நேரத்தில் இதைக் கடக்க முடியவில்லை. முதலில் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. துறைமுக அலுவலகம் ரயில்வேயிடம் கேட்கும். ரயில் இல்லாத நேரம் பார்த்து ரயில்வே அனுமதி தரும். காற்றும் நீரோட்டமும் ஒத்துவர வேண்டியிருந்தது. அந்தக் கடலை அறிந்த வழிகாட்டி ஒருவர் படகைக் கூட்டிப்போவார். ஒரு பக்கத்துப் படகுகள் வரிசையாகக் கடந்த பிறகே மறுபக்கத்துக்கு முறை வரும். சில வேளை நாள்கணக்கில் காத்திருப்பு. படகுக்காரருக்கு மீனும் டீசலும் வீணாகும் கவலை, பாலத்துக்காரருக்கு ரயிலின் பாதுகாப்புப் பற்றிய கவலை. இரண்டும் நியாயம்தான். 2013 ஜனவரியில் கடற்படைக்கான ஒரு மிதவைக் கப்பல் அலைக்கழிந்து வந்து பாலத் தூணில் மோதியது. இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

இது பாலத்துக்குக் கீழே நடந்த கதை. மேலே போனவர்கள் நம்மவர்கள். மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, மருத்துவச் சோதனை செய்து, கழுத்தில் தகர டிக்கெட் மாட்டி ரயிலேற்றினார்கள். பாம்பன் பாலம் கடந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு மீண்டும் ரயிலில் இந்த மலைகளுக்கு.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகளும் பேசி முடித்தன. எட்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. நடுவிலிருந்த ஷெர்சர் கதவு தப்பி நின்றது. இளம் பொறியியலாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலத்தைச் சரிசெய்தார்கள். அடுத்த ஆண்டுகளில் ஹட்டன் ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போன நம் அயலவர்கள், இராமேஸ்வரத்தில் இறங்கி அதே பாலத்தின் மேல்தான் திரும்பிப் போனார்கள்.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். வெள்ளைக்காரன் கட்டிய பாலம்தான். ஆனாலும் அங்கே முன்பே போய்வந்த தோணிக்காரனுக்கு வழி விட வேண்டும் என்பதை அவனும் ஒத்துக்கொண்டான். விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் தொல்லைதான். ஆனாலும் படகுக்காரன் ஒரு தரப்பாகக் கணக்கில் எடுக்கப்பட்டான். கேட்டான், பதில் கிடைத்தது. மேலே ரயிலில் போன நம்மவர்களை, வரும்போதும் யாரும் கேட்கவில்லை, போகும்போதும் யாரும் கேட்கவில்லை.

அந்தப் பாலத்தைக் கடந்தவர்கள் நம் லயங்களிலும் கடைத்தெருவிலும் இன்னும் ஒருசிலர் இருக்கிறார்கள். உங்கள் தாத்தா, அப்பாயி, வாப்பும்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். பழைய பாஸ்போர்ட், பிரஜாவுரிமைக் கடிதம், தகர டிக்கெட் எதுவானாலும் வீசிவிடாதீர்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள், நம் பிள்ளைகள் வாசிக்கட்டும். அன்று கேட்காமல் விட்டதை இன்று நாமாவது கேட்போம்.