இடிக்கத் தடை உண்டு, பேணக் கட்டாயம் இல்லை: தமிழ்நாட்டின் பழங்கட்டடங்களும் சட்டமும்

1. சட்டத்தின் எல்லை

1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நாட்டளவில் முக்கியமான சின்னங்களைக் காக்கிறது. 2010 திருத்தத்தின்படி அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். மாநில அளவிலான சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. இரண்டுமே கோயில், கோட்டை, குடைவரை போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஆள் புழங்கும் செட்டிநாட்டு வீடும் சென்னை அண்ணா சாலை வணிகக் கட்டடமும் பெரும்பாலும் இவற்றுக்குள் வருவதில்லை.

2. பாரத் இன்சூரன்ஸ் கட்டடம்

இந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது அண்ணா சாலையில் உள்ள பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். 1897இல் டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவனத்துக்காக இந்தோ சாரசெனிக் பாணியில் எழுந்த இது, பின்னர் எல்.ஐ.சி. வசம் வந்தது. 2006இல் இடிப்பு வேலை தொடங்கியதும் பாரம்பரியப் பாதுகாப்புக்கான இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்தை நாடியது. அப்போது கைகொடுத்தது ஒரு பட்டியல். விளம்பரப் பலகைகள் தொடர்பான வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு தொகுத்த 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் அது. ஒரு நகரத்தின் கட்டடக் காப்புக்கு விளம்பரப் பலகை வழக்குதான் அடித்தளமானது என்பதே, முறையான சட்டம் அன்று இல்லாததற்குச் சான்று. 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு இடிப்பைத் தடுத்தது. பட்டியலிலுள்ள கட்டடங்களைப் பாதுகாக்கக் குழு அமைக்கவும் வழிசெய்தது.

இத்தகைய கட்டடங்களுக்கான மாநிலப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியும், 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது.

3. தடைக்குப் பின்

தடையாணை கடப்பாரையை நிறுத்தும், மழையை நிறுத்தாது. கூரை ஒழுகினால் மரச்சட்டம் உளுக்கும், சுவர் வெடிப்பில் அரசங்கன்று வேர் விடும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, செங்கல் உப்புப் பூத்துப் பொடியும். நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பும் இப்படிக் கேடாகிவிடுவதுண்டு. பராமரிக்காமல் விட்டுவிட்டு, பின்னர் 'ஆபத்தான கட்டடம்' என்று காரணம் காட்டி இடிக்க அனுமதி கேட்கும் வழியும் திறந்தே கிடக்கிறது. என் பார்வையில் நம் சட்டங்களின் பெரிய ஓட்டை இதுதான்.

4. தேவை

உரிமையாளர்மீது மட்டும் பழிபோடுவது நியாயமல்ல. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அரிது, கூலியும் அதிகம். மும்பை 1995இலேயே பாரம்பரியக் கட்டடங்களைத் தரம்பிரித்து விதிகள் வகுத்தது. கட்ட முடியாமல் போன பரப்புக்கு ஈடாக வேறிடத்தில் பயன்படுத்தும் கட்டட உரிமையை உரிமையாளருக்கு அளிக்கவும் இடம் வைத்தது. தமிழ்நாட்டின் பாரம்பரிய ஆணையமும் அத்தகைய ஈட்டையும் பழுதுபார்ப்பு மானியத்தையும் வழங்க வேண்டும். பராமரிப்பைச் சட்டக் கடமையாக்கி, பட்டியலிலுள்ள ஒவ்வொரு கட்டடத்தின் நிலையையும் ஆண்டுதோறும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும்.