இரு கோப்பைகளின் வயது

மியூனிக் நகரில், செப்டம்பர் கடைசியின் ஒரு மாலையில், நம் முன்னே இரண்டு கண்ணாடிக் கோப்பைகள் வைக்கப்பட்டன. இரண்டிலும் அந்நகரிலேயே காய்ச்சிய இலையுதிர்கால லாகர் பியர். ஒன்று பொன்னிறம்; மற்றது செம்பழுப்பு. முதலாவதில் புது ரொட்டியின் மணம், அடிநாவில் இலேசான ஹாப்ஸ் கசப்பு. இரண்டாவதில் ரொட்டியின் சுட்ட மேல்தோலும், கருகுவதற்குச் சற்று முன் இறக்கிய சர்க்கரைப் பாகும் நினைவுக்கு வந்தன; ஆயினும் விழுங்கிய பின் இனிப்பு நாவில் தங்கவில்லை. கொண்டுவந்து வைத்தவர் இரண்டையுமே 'பழைய முறைப்படி' என்றார். நிறத்தாலும் சுவையாலும் இவ்வளவு வேறுபட்ட இரண்டும் எப்படி ஒரே பழமையாகும்? அந்த ஐயமே நம்மை வரலாற்றின் பக்கம் திருப்பியது.

இந்தப் பியரின் கதை ஒரு தடையாணையில் தொடங்குகிறது. 1553ஆம் ஆண்டு, பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்ப்ரெக்ட், ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சக் கூடாது என்று ஆணையிட்டார். முன்னது புனித ஜார்ஜ் திருநாள். பின்னது புனித மிக்கேல் திருநாள். கோடையில் இட்லி மாவு பொழுதுக்குமுன் புளித்துப் பொங்குவதை அறிந்த நமக்கு இத்தடையின் காரணம் எளிதில் விளங்கும். அக்காலத்தில் கொதித்த மால்ட் சாற்றைத் திறந்த தொட்டிகளில் ஆறவைத்தனர். வெப்ப நாள்களில் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் புகுந்து கெடுத்துவிடும்.

தடை ஐந்து மாதங்களுக்கு மேல் நீடித்தது. தாகமோ தடைக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே மார்ச் மாதத்தில், சற்று வலுவாகவும் ஹாப்ஸ் மிகுத்தும் கடைசிப் பியரைக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் சேமித்தனர். மார்ச்சுக்கான ஜெர்மன் சொல்லிலிருந்து அதற்கு 'மெர்ட்சன்' என்ற பெயர் வந்தது. 'லாகர்' என்பதற்கும் 'சேமித்து வைத்தல்' என்பதே வேர்ப்பொருள். குளிர்காலத்தில் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளை நிலவறைகளில் அடுக்கினர். மேலே நிழலுக்குக் கஷ்கொட்டை மரங்களை நட்டனர். அம்மரங்களின் அடியிலேயே பின்னாளின் பியர்த் தோட்டங்கள் உருவாயின. இலையுதிர்காலம் வந்து புதுப் பார்லியும் புது ஹாப்ஸும் அறுவடையாகி வரும்போது, பழைய பீப்பாய்களைக் காலி செய்தாக வேண்டும். இலையுதிர்கால லாகரின் தொடக்கம் இதுதான்: மார்ச்சில் பிறந்து, கோடையை இருட்டில் கழித்து, கடைசியாகக் கோப்பைக்கு வந்த பியர்.

1810 அக்டோபர் 12 அன்று பட்டத்து இளவரசர் லூட்விக், இளவரசி தெரேசாவை மணந்தார். ஐந்து நாள் கழித்து நகருக்கு வெளியே ஒரு புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடந்தது. அவ்வெளி இன்றும் தெரேசாவின் பெயரால் வழங்குகிறது. இன்றைய அக்டோபர் விழாவின் வித்து அது. எனினும் அக்கால மியூனிக்கின் பியர் கரும்பழுப்பு நிறத்தது. நம் கோப்பைகள் இரண்டுமே அன்றைய விருந்தினருக்கு அந்நியமாகவே தோன்றியிருக்கும்.

செம்பழுப்பு வந்த வழி சுவையானது. 1833இல் மியூனிக்கின் காப்ரியேல் ஸெடல்மயரும் வியன்னாவின் அன்டன் டிரேயரும் பிரிட்டனின் பியர் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தனர். உள்ளே குழலாக்கிய கைத்தடியால் அங்கே நொதித்துக்கொண்டிருந்த சாற்றை இரகசியமாக மொண்டு வந்து சோதித்தனர். வெளிர்ந்த மால்ட்டை உலர்த்தும் ஆங்கிலேயர் நுட்பத்தையும் அறிந்து திரும்பினர். டிரேயர் 1841இல் செம்பழுப்பு வியன்னா லாகரை வெளியிட்டார். காப்ரியேலின் சகோதரர் ஜோஸப் ஸெடல்மயர் 1872இல் அதே பாணியிலான மெர்ட்சனை அக்டோபர் விழாவுக்குக் கொண்டுவந்தார். ஆக, 'பழைய' செம்பழுப்புக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட வயதுதான். அதன் முறையிலோ வியன்னாவும் இங்கிலாந்தும் கலந்திருக்கின்றன.

அதே 1870களில் கார்ல் ஃபான் லிண்டே தம் குளிரூட்டும் இயந்திரத்தை மியூனிக்கின் பியர் ஆலை ஒன்றில் இயக்கினார். எம்மாதத்திலும் குளிரைப் படைக்க முடிந்தபின், மார்ச்சுக்கும் மெர்ட்சனுக்கும் இருந்த உறவு பெயரளவில் நின்றது. பொன்னிறக் கோப்பையோ இன்னும் இளையது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலகுவான பியரை மக்கள் விரும்பத் தொடங்க, 1990 முதல் அவ்விழாவில் வார்க்கப்படும் விழாப் பியர் பொன்னிறமாகவே இருந்து வருகிறது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடும் வழங்கியது. விழாவுக்கான பியர் மியூனிக் நகரில் காய்ச்சப்பட வேண்டும் என்பது விதி. ஊர் மாறவில்லை, பியர் மட்டும் இரண்டு முறை நிறம் மாறிவிட்டது.

அப்படியானால் இக்கோப்பைகளில் உண்மையிலேயே பழையது எது? நிறமன்று, சுவையுமன்று; நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்தான். லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று ரொட்டிக்கும் பழைய வகைப் பியருக்கும் உதவும் ஈஸ்ட். குளிர் தாங்கும் மற்றொன்று யாதென்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2011இல் தென்னமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில் அது அடையாளம் காணப்பட்டது. பின்னர் திபெத்திலும், 2022இல் அயர்லாந்திலும் காணப்பட்டது. கலப்பு எங்கே, எந்நாளில் நேர்ந்தது என்பது இன்றும் ஆய்வுக்குரியது. ஆனால், கோடையை விலக்கிக் குளிரில் மட்டுமே காய்ச்சிய பவேரிய நிலவறைகள், குளிரை விரும்பும் இவ்வுயிருக்கு உகந்த வீடாயின என்பதில் ஐயமில்லை.

ஒரு கோமகன் கெட்டுப்போகாத பியரை வேண்டி இட்ட ஆணை, அவர் கண்ணால் காண இயலாத ஓர் உயிரினத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணியிருக்கிறது. ஆணை மறைந்தது, பனிக்கட்டி மறைந்தது, கருநிறமும் மறைந்தது. அவ்வுயிரின் வழித்தோன்றல்களோ இன்றும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. இதை அறிந்தபின், பழைய முறை என்றவரிடம் வாதிட நமக்கு மனம் வரவில்லை. அவர் காட்டிய இடத்தில் பழமை இல்லை. ஆனால் கோப்பையில் இருந்தது. வடிகட்டித் தெளிந்த அப்பியரில், அதன் வேலை தெரிந்தது. அது மட்டும் தெரியவில்லை.