அணுவிசை நுண்ணோக்கியில் புரத ஆய்வு

அணுவிசை நுண்ணோக்கி ஒளியையோ எலெக்ட்ரான் கற்றையையோ நம்பிப் படமெடுப்பதில்லை. சிறு நெம்புகோலின் நுனியிலுள்ள கூர்முனை பரப்பைத் தடவிச் செல்லும்; மேடுபள்ளத்துக்கேற்ப நெம்புகோல் வளைவதே படமாகிறது. புரதங்களை உலர்த்தாமல், சாயமேற்றாமல், நீருக்குள் அவை வேலை செய்யும் நிலையிலேயே காட்டுவது இதன் பெருஞ்சிறப்பு.

கெர்ட் பின்னிக், கால்வின் குவேட், கிறிஸ்டோஃப் கெர்பர் ஆகிய மூவரும் 1986-இல் இக்கருவியை அறிவித்தனர். பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் முன்பு உருவாக்கிய நுண்ணோக்கிக்கு மின்சாரம் கடத்தும் பரப்பு தேவைப்பட்டது. புதிய கருவிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நெம்புகோலின் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளியைக் கொண்டு வளைவை அளக்கும் முறை 1988-இல் வந்தபின் கருவி எளிதாயிற்று.

புரதம் என்று வந்தபோது ஈரம் தடையாக நின்றது. காற்றில் எப்பரப்பிலும் மெல்லிய நீர்ப்படலம் படியும். அது முனையைப் பிடித்திழுப்பதால் மென்மையான மூலக்கூறுகள் நசுங்கும். எல்லாவற்றையும் நீரில் மூழ்கடித்தால் அந்த இழுப்பு மறைந்துவிடும். சாந்தா பார்பராவில் பால் ஹான்ஸ்மா குழுவினர் 1989-இல் மைக்கா என்ற கனிமத் தகட்டின் மேல் நீருக்குள் ஃபைப்ரினோஜன் புரதத்தை வைத்து, த்ராம்பின் நொதியைச் சேர்த்து, இரத்தம் உறைவதன் அடிப்படையான ஃபைப்ரின் இழைகள் உருவாவதைப் படம் படமாக எடுத்தனர். முனை பரப்பை உரசாமல் தட்டித் தட்டிச் செல்லும் முறை 1990-களின் முற்பகுதியில் வந்து, பக்கவாட்டில் இழுபடும் சேதத்தையும் குறைத்தது.

மைக்கா இத்துறையின் அன்றாடப் பொருள். ஒட்டுநாடாவை அதன்மேல் அழுத்தி உரித்தால் மேலடுக்கு கையோடு வந்துவிடும். அடியில் அணு அளவில் சமதளமான, தூய்மையான பரப்பு கிடைக்கும். அதில் புரதக் கரைசலில் ஒரு துளி விட்டு, சில நிமிடம் கழித்து, ஒட்டாததைக் கழுவி நீக்குவார்கள். நீரில் மைக்காவுக்கு எதிர்மின்னூட்டம் உண்டு என்பதால், கரைசலின் உப்பளவே புரதம் ஒட்டுமா விலகுமா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கும்.

பாசெலில் டேனியல் மியுல்லரும் ஆண்ட்ரியாஸ் எங்கலும் உப்பையும் விசையையும் சீராக்கி, 1995-இல் பாக்டீரியோரோடாப்சின் புரதத்தை ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த நுணுக்கத்தில் காட்டினர். முனையின் விசையைச் சுமார் 300 பைக்கோநியூட்டனிலிருந்து 100-க்குக் குறைத்தபோது, வளையம்போல் தெரிந்த மும்மைத் தொகுதிகளில் மூன்று புடைப்புகள் எழுந்தன. விசையைக் கூட்டியதும் அவை மறைந்தன. அளக்கும் கருவியே மூலக்கூறின் வடிவத்தை மாற்றுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனை அரிது. 1997-இல் ஹெர்மன் கௌப் குழுவினர் இதே விசையை ஆய்வுக் கருவியாக்கினர்: தசைப் புரதமான டைட்டினை முனையில் பிடித்து இழுத்து, அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிவதை அளந்தனர்.

பரப்பும் புரதத்தைச் சும்மா விடுவதில்லை. இரத்தம் உறைவதில் பங்குள்ள வான் வில்லிபிராண்ட் காரணி, நீர் ஒட்டாத பரப்பில் உருண்டு கிடப்பதும், பாய்வின் உராய்வு மிகும்போது நீண்டு விரிவதும் 1996-இல் இக்கருவியால் தெரியவந்தன. உடலுக்குள் பொருத்தும் கருவிகளின் மேற்பரப்பை வடிவமைப்போர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

எஞ்சிய குறை வேகம்; ஒரு படத்துக்கே நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜப்பானின் கனசாவா பல்கலைக்கழகத்தில் தொஷியோ ஆண்டோ மிகச் சிறிய நெம்புகோல்களையும் விரைவான வருடியையும் உருவாக்கி, 2001-இல் ஒரு படத்தை 80 மில்லிநொடியில் எடுத்தார். 2010-இல் அவர் குழு, மயோசின்-5 என்ற புரத மூலக்கூறு ஆக்டின் புரத இழைமேல் அடிக்கு 36 நானோமீட்டர் வீதம் நடந்துசெல்வதைக் காணொளியாகவே வெளியிட்டது. மயோசின் பரப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடாதபடி கொழுப்புப் படலத்தை விரித்ததும் அந்த வெற்றிக்குக் காரணம்.

புரதத்தின் உட்புறத்தை இக்கருவி காட்டாது. முனையின் பருமன் காரணமாக அகலம் மிகைப்படும், உயரமே நம்பகமானது. அணு அமைப்பை அறிய உறைகுளிர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியே சிறந்தது; ஆனால் அங்கே மூலக்கூறு உறைந்து நிற்கிறது. தனியொரு புரதம் இயங்குவதைச் சாயமின்றி நேரில் பார்க்க இன்றும் அணுவிசை நுண்ணோக்கியே முதன்மையான வழி.